வாய்க்கு வேடு

எங்கள் வீட்டு ஆவக்காய் ஊறுகாய் ஜாடிக்கு அத்தை போடும் முடிச்சை அவிழ்த்து, அவிழ்த்த தடம் தெரியாமல் திரும்பக் கட்டிய ஆள் இன்னும் பிறக்கவில்லை. வெள்ளைத் துணியை ஜாடியின் வாயில் போர்த்தி, சணலால் மூன்று சுற்றுச் சுற்றி, கடைசியில் விரல் நுனியில் ஏதோ செய்வாள். இதற்கு வேடு கட்டுவது என்று பெயர். எங்கள் ஊர் சத்தியவேட்டின் பெயருக்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். அத்தையின் விளக்கம் மட்டும் அனுபவத்தில் வந்தது: "சத்தியம் பண்ணிட்டா வாய்க்கு வேடு கட்டிக்கணும். அதான்டா ஊர் பேரு."

சத்தியம் பண்ணியது நான். 2026 பிப்ரவரி 18, திருநீற்றுப் புதன், நாற்பது நாள் தவக்காலத்தின் முதல் நாள். இந்தத் தவக்காலம் முழுக்க ஆவக்காய் தொடமாட்டேன் என்று கோயில் வாசலில் நாலு பேர் கேட்க அறிவித்தேன். அன்றைய நற்செய்தி மத்தேயு ஆறாம் அதிகாரம். நோன்பிருப்பதை ஊருக்குக் காட்டிக்கொள்ளாதே, தலைக்கு எண்ணெய் தடவி முகம் கழுவிக்கொண்டு போ என்று இயேசு சொல்கிற பகுதி. அதைக் கேட்டவனும் நான்தான்.

முகம் கழுவாமல் நெற்றிச் சாம்பலோடு பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குப் போனேன். சிவராத்திரி முடிந்து மூன்றாம் நாள். "ஏம் சாமி, சிவராத்திரி அயிப்போயிந்தி கதா, இங்கா விபூதியா?" என்றார் கடைக்காரர். சிவராத்திரிதான் முடிந்துவிட்டதே, இன்னும் விபூதியா என்று கேள்வி. பக்கத்தில் சுருட்டப்பள்ளி. ஆலகாலம் குடித்த களைப்பில் சிவபெருமான் பார்வதி மடியில் தலைவைத்துப் படுத்திருக்கும் கோயில். அங்கிருந்துதான் வருகிறேன் என்று அவரே முடிவு செய்து, நல்ல தரிசனமா என்று கேட்டார். போன வருடக் குருத்தோலையை எரித்த சாம்பல் இது என்று விளக்க நேரமில்லை. நல்ல தரிசனம் என்றேன். நாற்பது நாளில் முதல் பொய், முதல் நாள் காலை எட்டு மணிக்கே.

இது போதாதென்று, தினசரி வாசகத்துக்குச் சிந்தனை சொல்லும் பொறுப்பும் அந்த வருடம் என் தலையில் விழுந்தது. எங்கள் அன்பியத்தில், அதாவது அக்கம்பக்கக் குடும்பங்கள் ஜெபத்துக்குக் கூடும் குழுவில், தமிழ் பேசும் குடும்பங்கள் கொஞ்சம் உண்டு. கோயிலில் பூசை தெலுங்கில் நடக்கும்; மாலையில் வீடு வீடாகக் கூடும் ஜெபம் மட்டும் தமிழில். வழக்கமாகச் சிந்தனை சொல்கிற ஆசிரியர், மகள் வீட்டுக்குச் சென்னை போய்விட்டார். "முப்பது வருஷமா ஆபீஸ்ல கோப்பு எழுதுறவரு, நாப்பது சிந்தனை எழுத மாட்டாரா?" என்று யாரோ சொல்ல, எல்லோரும் ஆமோதித்தார்கள்.

தமிழும் தெலுங்கும் இப்படி ஒரே தெருவில் கிடப்பதற்கு நாங்கள் பொறுப்பல்ல. என் தாத்தா செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர். 1960 ஏப்ரல் 1ஆம் தேதி எல்லை மாற்றத்தில் திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போக, சத்தியவேடு ஆந்திரத்துக்கு வந்தது. தேதியைப் பார்த்து யாரோ விளையாடுகிறார்கள் என்று தாத்தா ரொம்ப நாள் நம்பவில்லையாம். பிறகு சித்தூர் மாவட்டம், 2022 முதல் திருப்பதி மாவட்டம். இத்தனைக்கும் நாங்கள் வீட்டை ஓர் அடி நகர்த்தவில்லை.

என் மனைவி நாயுடுபேட்டைப் பக்கம், ஜெர்மானிய லுத்தரன் மிஷன் வேரூன்றிய பூமி. தவக்காலத்துக்கு அவள் வீட்டில் 'ஸ்ரமல தினாலு', பாடுகளின் நாட்கள், என்று பெயர். என்னுடைய மூன்றாவது சிந்தனையைக் கேட்டுவிட்டு, பெயர் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்றாள்.

என் பிழை அல்ல. தவக்கால வாசகங்களை வரிசையாக எடுத்துப் பாருங்கள். சாப்பிடாதே என்று சொல்லும் நாற்பது நாளில் இவ்வளவு சாப்பாட்டை யார் வைத்தார்கள்? முதல் ஞாயிறே பாலைநிலத்தில் சோதனை: கல்லை அப்பமாக்கச் சொல்கிறான் சாத்தான். தெலுங்கு விவிலியத்தில் அது 'ரொட்டெ'. காய்ந்த ரொட்டிக்கு யார் ஆசைப்படுவார்கள்? தமிழில்தான் சோதனை கடுமை. அப்பம் என்றதும் ஓரம் முறுகி, நடு மெத்தென்று, மேலே தேங்காய்ப்பால் ஊற்றி... இந்த வர்ணனை கொஞ்சம் நீண்டுவிட்டது. அத்தை குறுக்கிட்டாள்: "கல்லுல அப்பம் வராதுடா. கல்லுல தோசைதான். அப்பத்துக்குச் சட்டி வேணும். சாத்தானுக்குச் சமையல் தெரியாது, உனக்குமா தெரியாது?" அன்றைய சிந்தனை அதோடு முடிந்தது. வேதத்துக்கு இவ்வளவு கச்சிதமான விளக்கம் நான் வேறு எங்கும் கேட்டதில்லை.

முதல் வாரம் புதன், யோனா நூல். நினிவே அரசன் நோன்பு அறிவிக்கிறான்: மனிதர் மட்டுமல்ல, ஆடுமாடும் தின்னக்கூடாது, தண்ணீர் குடிக்கக்கூடாது, எல்லாருக்கும் சாக்குடை. "எருமைக்குமா?" என்று பின்வரிசையில் பால்காரம்மாவின் குரல். ஆமாம் என்றேன். "அப்போ மறுநாள் பால் எப்படிக் கறந்தாங்க?" என்னிடம் பதில் இல்லை. விவிலிய அறிஞர்கள் எவரும் இதைத் தொட்டதாகத் தெரியவில்லை. அவர்கள் எருமை வைத்திருக்கவில்லை.

இரண்டாம் வாரம் வியாழன் பணக்காரன் மேசையிலிருந்து விழும் துண்டுகள். சனிக்கிழமை ஊதாரி மைந்தனுக்காகக் கொழுத்த கன்று. கன்றை அடிக்கும் இடத்தில் என் குரல் தழுதழுத்தது. பாவ மன்னிப்பை நினைத்து உருகுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். மனைவி மட்டும் வீட்டுக்கு வரும் வழியில் கேட்டாள்: "ஏமண்டி, ரோஜூ திண்டி கதேனா?" தினமும் சாப்பாட்டுக் கதைதானா என்று.

பசிதான் காரணம் என்று சொல்லவும் முடியாது. சட்டப்படி ஒருசந்தி, அதாவது முழுச்சாப்பாடு ஒருவேளை மட்டும், இரண்டே நாள்: திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி. மற்ற வெள்ளிகளில் சுத்தபோசனம், இறைச்சி மட்டும் கிடையாது. ஒருசந்திக் கடமை 18 வயதில் தொடங்கி 59 நிறைந்ததும் முடிகிறது. எனக்கு 58. அரசாங்க ஓய்வுக்கு முன்னால் வரும் இந்த ஓய்வை நாள் எண்ணிக் காத்திருக்கிறேன். 78 வயது அத்தை நாற்பது நாளும் ஒருசந்தி. உனக்குக் கட்டாயமில்லை அத்தை, சட்டத்திலேயே இருக்கிறது என்றேன். "சட்டம் உன்ன மாதிரி ஆளுங்களுக்கு" என்றாள்.

சுத்தபோசனத்தில் மீனுக்குத் தடையில்லை. நீரில் வாழ்வது இறைச்சிக் கணக்கில் வராது. இந்தச் சந்து வழியே மனிதகுலம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது தெரியுமா? வெனிசுவேலாவில் கேப்பிபாரா என்று ஒரு பிராணி, உலகிலேயே பெரிய கொறித்துண்ணி, ஓர் ஆட்டளவு எடை இருக்கும். தண்ணீரில் கிடக்கிறதே என்று அதை மீன் கணக்கில் சேர்த்து தவக்காலத்தில் சமைக்கிறார்கள். 2010இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் பேராயர், முதலையும் மீன் குடும்பந்தான் என்று கடிதமே கொடுத்தார். எங்களுக்கு அவ்வளவு சிரமம் வேண்டாம். கிழக்கே பழவேற்காடு ஏரி. வெள்ளிக்கிழமை எங்கள் தெருவில் நண்டும் இறாலும் மணக்க மணக்கச் சுத்தபோசனம் நடக்கும். இரண்டு கோழித் துண்டு தின்பவன் பாவி. இருபது இறால் தின்பவன் தவசி.

என் ஆவக்காய்க்குத்தான் எந்தச் சந்தும் இல்லை. அது இறைச்சியே இல்லை, திருச்சபை அதைத் தடுக்கவே இல்லை. நானாகத் தேடிக்கொண்ட வினை.

இன்னொரு சங்கடம். ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை சுற்றி வரும். தவக்காலத்தின் வார நாட்களுக்கோ வருடா வருடம் அதே வாசகம். ரோமிலும் மணிலாவிலும் சத்தியவேட்டிலும் அன்றைக்கு அதுவேதான். ஆகவே ஆசிரியர் போன வருடம் அதே பகுதிக்கு என்ன சொன்னார் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். நான் அவரைப் போலச் சொன்னால் காப்பி. மாற்றிச் சொன்னால் தப்பு.

கடைசியில் மார்ச் 24, ஐந்தாம் வாரம் செவ்வாய். எண்ணிக்கை நூல் 21ஆம் அதிகாரம். பாலைவனத்தில் இஸ்ரயேலர், தினமும் இதே சோறா, வெறுத்துப்போச்சு என்று முணுமுணுக்கிறார்கள். கடவுள் கொள்ளிவாய்ப் பாம்புகளை அனுப்புகிறார். அன்று நான் பிரமாதமாகப் பேசினேன். அவர்கள் வெறுத்த அந்த மன்னா உணவை வர்ணிக்கவில்லை, ருசியைப் பற்றி மூச்சு விடவில்லை. கிடைத்ததை நன்றியோடு தின்னாத நாக்கைக் கிழிகிழியென்று கிழித்தேன். பால்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆசிரியர்கூட இப்படிச் சொன்னதில்ல" என்றார் ஒருவர். மனைவியே தலையாட்டினாள்.

அந்த மிதப்பிலேயே வீட்டுக்கு வந்து கை கழுவி பெஞ்சில் உட்கார்ந்தேன். தட்டு வந்தது.

"மறுபடியும் உப்புமாவா? மூணாவது நாளா?"

மனைவி ஒன்றும் பேசவில்லை. அத்தைதான், சுவரோரம் உட்கார்ந்தபடி, "கால மேல தூக்கி வச்சுக்கோடா" என்றாள்.

"ஏன் அத்தை?"

"பாம்பு வரும்."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் காலை மடக்கி பெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு உப்புமாவைப் பிசைந்தேன். அத்தை மெல்ல எழுந்து அலமாரிப் பக்கம் போனாள். சணல் அவிழும் சத்தம். ஒரு நொடியில் கடுகும் நல்லெண்ணெயும் கூடம் முழுக்க மணத்தன.

நாவூற நான் தட்டை நீட்டினேன். அத்தை அதைக் கடந்து போய், தன் தட்டில் ஒரு துண்டை வைத்துக்கொண்டாள்.

"எனக்கு அம்பத்தொம்பது முடிஞ்சிருச்சு" என்றாள். "சட்டத்துலயே இருக்காமே."

பிறகு துணியைப் போர்த்தி, மூன்று சுற்று சுற்றி, விரல் நுனியில் அந்த முடிச்சைப் போட்டாள்.