செவுத்துல மாட்டுன சைக்கிளு

வாடா பேராண்டி, உக்காரு. கோப்பி ஓ சூடா இருக்கு, ஊதிக் குடி. உன் சைக்கிளு எங்க, இன்னும் காரு மேலதான் படுத்திருக்கா? படுக்கட்டும் விடு. சுங்கை பெசார்லேருந்து பினாங்கு வரைக்கும் காரு மேல குந்திப் போயிட்டு வந்த அலுப்பு அதுக்கும் இருக்கும்ல.

நீ காட்டுன படத்தைப் பாத்தேன். ஆர்மேனியன் ரோட்டுல லித்துவேனியாக்காரரு எர்னஸ்ட் சாகாரெவிச் 2012-ல வரைஞ்சது. அக்காக்காரி மிதிக்கிறா, தம்பி பின்னால கட்டிப் புடிச்சிருக்கான். புள்ளைங்க பெயிண்டு, சைக்கிளு மட்டும் நெசம். நல்லாத்தான் இருக்கு, குத்தம் சொல்லல. ஆனா ஓடுற சைக்கிள காரு மேல கட்டிக்கிட்டுப் போயி, ஓடாத சைக்கிளுக்கு வரிசையில நின்ன மொத ஆளு நம்ம வம்சத்துல நீதான்லா.

கலை பாக்குறதுக்கு ஒரு மொறை இருக்கு, கேட்டுக்க. சொந்த ஊர்ல பாத்துறக் கூடாது. டோல் கட்டணும். அப்புறம், பேரு போட்ட ஆளு செஞ்சா அது கலை. பேரு போடாத ஆளு செஞ்சா அது வெறும் செலை.

பத்துமலையில 2006-ல முருகன 42.7 மீட்டர் ஒசரத்துல நிறுத்துனாங்க, ஒன்னைத் தோள்ல தூக்கிட்டுப் போயி காட்டுனேன். 2018-ல 272 படிக்கும் வர்ணம் அடிச்சாங்க. அடிச்ச பொறவு மரபுடைமை இலாகா ‘யாரைக் கேட்டு அடிச்சீங்க’ன்னு வந்து நின்னுச்சு. நம்ம தோட்டத்து முனியாண்டிக்கு நான் எத்தனை வருஷமா அடிக்கிறேன்! ஒரு இலாகாவும் எட்டிப் பாக்கல. அந்த மனக்கொறை எனக்கு உண்டு.

சைக்கிளுன்னா தெக்கால மிதிடா. தாலி ஆயர் வாய்க்கா கரையில போனா நெல்லு வாசம் மூஞ்சில அடிக்கும். செகிஞ்சான் ரெடாங் கடற்கரையில வேண்டுதல் மரம், கெளை பூரா செவப்புத் துணி. அந்தச் செவப்ப எந்தச் செவுத்துல பாத்த நீ? அதத் தாண்டி கோல சிலாங்கூர் மலாவத்தி குன்று. டச்சுக்காரன் 1784-ல புடிச்ச கோட்டை, 1907-ல கட்டுன கலங்கரை விளக்கு. பீரங்கி மேல லுத்தோங் கொரங்கு துரை கணக்கா ஒக்காந்திருக்கும். பையில வாழப்பழம் இருந்தா மரியாதையா குடுத்துரு.

உள்ள பெஸ்தாரி ஜெயா பக்கம் தெனமராம் தோட்டம். நாட்டுல வியாபாரத்துக்குன்னு செம்பனை நட்டது 1917-ல அங்கதான். நட்ட பிரெஞ்சுக்கார தொரை ஃபோகோனியே பொறவு ஒரு நாவல் எழுதி 1930-ல பெரிய பரிசு வாங்குனாரு. குழி வெட்டுனவன் எதுவும் எழுதல. அவன் கோயிலு கட்டிட்டு, அதுலயும் பேரு போடாம போயிட்டான்.

நம்ம முனியாண்டியும் அப்புடித்தான். தோட்டம் கைமாறி, லயம் இடிஞ்சி, சனம் கெளம்பிருச்சு. செம்பனைக்குள்ள அவரு மட்டும் அருவாளோட ஒக்காந்திருக்காரு. கிட்ட போயி மீசைய உத்துப் பாரு. எடது பக்கம் நிமிந்து நிக்கும், வலது பக்கம் ஒரு விரக்கட எறங்கி இருக்கும். கொத்தனாரு பூசுன சிமிண்டு காயறதுக்குள்ள மழை புடிச்சிக்கிச்சு. அடுத்த திருவிழாவுக்கு நான் கறுப்புப் பெயிண்டுலயே அதத் தூக்கி விட்டேன். தூரத்துலேருந்து பாத்தா தெரியாது; காருல போனா அவரே தெரிய மாட்டாரு. கண்ணுல இருக்கே வெள்ளை, அது கெராணி வூட்டு கேட்டுக்கு வந்த பெயிண்டுல மிஞ்சுனது. எப்புடி மிஞ்சுச்சுன்னு கேக்காத.

இந்த வருஷம் வேட்டி செவப்பு பூரா உரிஞ்சி போச்சு. எனக்கு முட்டி ஒத்துழைக்கல, ஏணி ஏற முடியாது. ஞாயித்துக்கெழம சைக்கிளக் கீழ எறக்கு. வரப்போ செவப்பு எனாமல் ஒரு டின்னு வாங்கிட்டு வா. மீசைக்குக் கறுப்பு எங்கிட்ட இருக்கு.