அப்பா மரம் வெட்டினால் கணக்குக் கேட்கக் கூடாதா?

கேள்வி: கோயில் ஆண்டுக் கூட்டத்தில் தண்ணீர்த் தொட்டிச் செலவு 1,800 வெள்ளிக்கு ரசீது கேட்டேன். “உன் அப்பா பால்மரம் வெட்டியவர், உனக்கென்ன கணக்கு தெரியும்?” என்றார் ஒருவர். கூட்டமே சிரித்தது. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?
- வாசகர், புக்கிட் பெருவாங், மலாக்கா

பதில்: கணக்கா? காண்டா வாளியில் சுமந்து வந்த பாலை நிறுவையில் வைத்துவிட்டு, கிராணி எழுதும் எண்ணை இமைக்காமல் பார்த்து நின்ற தலைமுறை அது!

இந்த அடி பழையது. பெண்ணின் கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா என்பதுதான் நக்கீரர் எழுப்பிய வழக்கு. தனிப்பாடல் மரபில் அவருக்குச் சிவனிடமிருந்து கிடைத்ததோ சங்கறுக்கும் குலம் என்ற ஏளனம். அவரும் பதிலுக்கு, இரந்துண்பவர் என்று குத்தினார். அங்கேதான் எனக்கு அவர்மேல் வருத்தம். 1965-இல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தில் அந்தச் சண்டைக்கு இன்றும் கைதட்டுகிறோம். கூந்தல் என்ன ஆயிற்று?

தொட்டி கட்டியவர் பொருளாளரின் மைத்துனர் என்றால் அந்த உறவைக் கேட்கலாம், அது செலவைத் தொடுகிறது. அப்பாவின் தொழில் தொடவில்லை. அடுத்த கூட்டத்தில் பதிலுக்கு யார் அப்பாவையும் இழுக்காதீர்கள். “மரம் வெட்டியவர் பிள்ளைதான் ஐயா. ரசீது எங்கே?” என்று கேளுங்கள்.