நீலத்திரைக் காலம்

தேனி தனி மாவட்டமானது 1996-ல். அதையொட்டிய சில ஆண்டுகளில் கம்ப்யூட்டர் சென்டர்கள் மாடிக்கு மாடி முளைத்தன. உத்தமபாளையம், சின்னமனூர், கம்பம் என்று பள்ளத்தாக்கு முழுவதிலிருந்தும் பிள்ளைகள் தேனிக்குப் பஸ் ஏறி வந்தோம். திராட்சை வெட்டிய பணம் கைக்கு வந்ததும் வீட்டில் கோர்ஸ் ஃபீஸில் ஒரு தவணை கட்டுவார்கள்.

அங்கே எங்கள் உலகம் போர்லாண்ட் கம்பெனியின் டர்போ சி என்ற சி-மொழிக் கம்பைலர். நாம் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர். நீலத்திரையில் நிரலை அடித்து, கன்ட்ரோல் எஃப்9 அழுத்தினால் ஓடும். ஆல்ட் எஃப்5 அழுத்தினால் விடை தெரியும். ஃப்ளாப்பியில் கைமாறி வந்த மென்பொருள் அது. காசு கொடுத்து வாங்கிய பிரதியை நாங்கள் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. விசுவல் பேசிக் 6 (விபி 6) சிடியும் மதுரையிலிருந்து அப்படித்தான் வந்தது. ஃபீஸையே தவணையில் கட்டிய வீடுகளில், ஒரிஜினல் வாங்குவது நினைத்தும் பார்க்க முடியாத காரியம்.

போடி ஏலக்காய் வியாபாரிக்குப் பில் போடுவது எங்களுக்குத் தந்த பயிற்சிகளில் ஒன்று. மொத்தத் தொகையை ‘இன்ட்’ (முழு எண்) என்று அறிவித்து 40,000 கொடுத்தால், திரையில் -25,536 என்று வரும். வியாபாரி நமக்குக் கடன்காரர் ஆகிவிடுவார்! டர்போ சி-யில் ‘இன்ட்’ என்பது இரண்டே பைட். அதில் 32,767-க்கு மேல் கொள்ளாது. ஏன் என்று கேட்டால், “‘லாங்’ போடு, சரியாயிடும்” என்பார்கள். சரியாகிவிடும்தான். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று திறந்து பார்க்க வழியில்லை. கம்பைலரின் மூலநிரல் கம்பெனியின் பூட்டுக்குள் இருந்தது.

டர்போ சி வெளிவந்த அதே 1987-ல்தான் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் ஜிசிசி கம்பைலரை வெளியிட்டார். மூலநிரலோடு கிடைத்தது, யாரும் நகலெடுக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். ஆனால் இணையமும் சொல்லித்தர ஆளும் இல்லாத ஊருக்கு அது வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின.

அதற்குள் பூட்டின் விலை தெரிந்துவிட்டது. 2002-ல் விபி 6-க்கு அடுத்ததாக விபி.நெட் வந்தது, பழைய விபி நிரல் அதில் அப்படியே ஓடவில்லை. 2008-ல் விபி 6 நிரலாக்கச் சூழலுக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அதே ஆண்டு போர்லாண்ட் தன் நிரலாக்கக் கருவிகளை வேறு கம்பெனிக்கு விற்றது. கடைகளுக்குப் பில்லிங் எழுதிப் பிழைத்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்று நிலைமை வேறு. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது. இப்போதைய பிளஸ் ஒன் பாடநூலில் உபுண்டு இருக்கிறது. பிளஸ் டூவில் பைத்தான். ‘கணியம்’ இணைய இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருளை எளிய தமிழில் சொல்லித் தருகிறது. கூடலூரில் இருக்கும் ஒரு பெண், அமெரிக்கப் பொறியாளர் வைத்திருக்கும் அதே கம்பைலரை ஒரு பைசா செலவில்லாமல், திருட்டு நகல் என்ற உறுத்தலும் இல்லாமல் நிறுவிக்கொள்கிறாள். எங்கள் தலைமுறைக்குக் கிடைக்காத மரியாதை இது.

ஆனாலும் காசில்லாமல் கிடைப்பதால் மட்டும் எல்லாம் நம் கைக்கு வந்துவிடவில்லை. பிள்ளைகள் விரும்பும் விஎஸ் கோடு என்ற நிரல் எழுதும் கருவியின் மூலநிரல் திறந்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் தரும் தயார்நிலைப் பிரதிக்கோ தனி உரிமம். அந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் அறிய வேண்டும்.

கல்லூரி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய டாஸ் மென்பொருளை ஓட்டும் டாஸ்பாக்ஸில் ஏற்றி இன்னும் டர்போ சி நடத்தும் லேப்கள் இருக்கின்றன. அதில் பழகிய ‘கிளியர் ஸ்கிரீன்’ கட்டளையை ஜிசிசி ஏற்பதில்லை. முதல் வேலையிலேயே மாணவர் திணறுகிறார். இந்த ஆண்டோடு டர்போ சி-யை நிறுத்துங்கள். ஜிசிசி-யைக் கொடுங்கள். ஒரு கட்டற்ற மென்பொருளின் மூலநிரலைத் திறந்து வாசிக்க வையுங்கள். கண்ட பிழையை எழுதி அனுப்பவும் பழக்குங்கள். கருவியை ஓட்ட மட்டும் தெரிந்தவர்களாக நாங்கள் வளர்ந்தோம். அதைத் திருத்தவும் தெரிந்தவர்களாக இவர்கள் வளரட்டும்.