சூடிக் கொடுத்த சட்டை

இப்படி நிழல்ல உக்காரு பாப்பா. பத்துமலையோட 272 படியும் எங்கேயும் ஓடிப் போகாது. கே.எல். சென்ட்ரல்ல கொமுட்டர் ரயில் ஏறினதிலேர்ந்து உன் சட்டையைத்தான் பாத்துக்கிட்டு வர்றேன். தோள்பட்டை இறங்கி முழங்கைக்குப் பாதி வழியில நிக்குது. முழங்கையில சதுரமா ஒரு ஒட்டு. பண்டல்னு சொல்ற பழந்துணிக் கடையில எடுத்தது. கேட்டா, "சும்மா பழசு இல்ல தாத்தா, விண்டேஜ்"ங்கிறே. நானும் ஒட்டுப் போட்ட சட்டை போட்டவன்தான். ஒட்டு வெளியே தெரியக் கூடாதுன்னு கையைக் கட்டிக்கிட்டே தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல ஆறாம் வகுப்பு வரைக்கும் படிச்சு முடிச்சேன். அடக்கமான பையன்னு வாத்தியாரு பாராட்டினாரு. நீ என்னடான்னா ஒட்டு தெரியணும்னு போட்டோவுக்குக் கையைத் தூக்கித் தூக்கிக் காட்டுறே.

உங்கம்மா காலையிலேயே ஆரம்பிச்சிட்டா. "எவன் போட்டதோ, எவன் செத்துக் கழட்டினதோ, அதைப் போட்டுக்கிட்டுக் கோயிலுக்கா?" நான் வாயைத் திறக்கல. கிழவனுக்கு மூணு வேளைச் சோறு அவ கையாலதான் வருது. உன்கிட்ட மட்டும் சொல்றேன். போன ஆடியில அம்மனுக்குச் சாத்தின சேலையை ஏலம் விட்டாங்களே, ஞாபகம் இருக்கா? அந்தப் பச்சைச் சேலைக்கு உங்கம்மாவும் எதிர்வீட்டு அம்மாவும் மாறி மாறி ஏத்திவிட்டு, கடையில புதுசு ரெண்டு எடுக்கிற காசுக்கு இவ எடுத்துட்டு வந்தா. அதுவும் இன்னொருத்தி கட்டி அவிழ்த்ததுதானே? ஆண்டாளை எடுத்துக்கோ. தான் சூடிப் பாத்த மாலையைப் பெருமாளுக்குக் கொடுத்தா. பெரியாழ்வார் பதறிப்போய்ப் புது மாலை கட்டிக்கிட்டுப் போனாரு. பெருமாள் அது வேண்டாம், அவ சூடினதுதான் வேணும்னுட்டாரு. அப்படிப் பாத்தா உலகத்துல முதல் பண்டல் வாடிக்கைக்காரர் ஸ்ரீவில்லிபுத்தூர்லதான் இருக்காரு. இதை வீட்டுல சொல்லிடாதே, மத்தியானம் எனக்கு ரசம் மட்டும்தான் கிடைக்கும்.

அதோ பாரு, கீழே கைலி வாடகைக்கு விடுறாங்க. தொடை தெரிய வந்த வெள்ளைக்காரப் பொண்ணுக்கு ஊதாக் கைலி ஒண்ணு கொடுத்திருக்காங்க. அவ உசரத்துக்கு அது முழங்காலைத் தாண்டமாட்டேங்குது. முடிச்சுப் போடத் தெரியாம ஒரு கையால பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால குரங்கை விரட்டிக்கிட்டு ஏறுறா. இறங்கி வந்து அவிழ்த்தான்னா சூடு ஆறுறதுக்குள்ள அது அடுத்த இடுப்புக்குப் போயிடும். "ச்சீ, துவைப்பாங்களா தாத்தா?"ன்னு மூக்கைச் சுளிக்கிறே. ஏம்மா, ஒசாகாவுல எவனோ போட்ட சட்டை உனக்கு மணக்குது, பத்துமலைக் கைலி நாறுதா?

ஒசாகான்னதும் எங்கம்மா ஞாபகம் வருது. 1942 ஜனவரியில ஜப்பான்காரன் கோலாலம்பூரைப் பிடிச்சான். 1945 வரைக்கும் அவன் ராஜ்யம்தான். அதுவரைக்கும் தோட்டத்து ஜனங்க கட்டின துணியெல்லாம் கப்பல்ல வந்த துணி. கப்பல் நின்னதும் கடை அலமாரி காலியாப் போச்சு. அரிசிக் கோணியைப் பிரிச்சு ஆம்பளைங்க இடுப்புல சுத்திக்கிட்டாங்க. எங்கம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் சேர்த்து ஒரே ஒரு முழுச்சேலை. ஒருத்தி வெளியே போனா இன்னொருத்தி லயத்துக் கதவைச் சாத்திக்கிட்டு உள்ளேயே கிடப்பாளாம். சயாம் ரயில் பாதை போடப் பிடிச்சுக்கிட்டுப் போன சித்தப்பா இடுப்புலயும் கோணிதான். போனவர் திரும்பல. எங்கப்பன் இடுப்புல கோணி உரசின தழும்பை, அவர் குளிக்கிறப்போ நான் பாத்திருக்கேன். பெல்ட் போட்ட தடம்னு ரொம்ப நாள் நெனச்சுக்கிட்டிருந்தேன்.

இப்போ என்ன ஆச்சு? ஜப்பான்காரன் கழட்டிப் போட்டது கப்பல் கப்பலா கிள்ளான் துறைமுகத்துக்கு வருது. அழுத்திக் கட்டின அந்த மூட்டைக்கு மலாய்க்காரங்க வச்சிருக்கிற பேரு என்ன தெரியுமா? குனி. நம்ம கோணிதான், வாய் மாறிப் போச்சு. இன்னைக்குக் குனி பிரிக்கிறாங்கன்னு போன்ல சேதி வந்தா நீ பசியாறாமலே ஓடுறே. எங்கப்பன் கோணிக்குள்ள நின்னாரு, இப்போ அவன் சட்டை கோணிக்குள்ள கிடக்கு. நான் பழி தீத்துக்கிட்டதா நெனச்சுச் சிரிச்சுக்கிறேன். நீ உன் பாட்டுக்குக் கிண்டு.

ஜப்பான்காரனும் லேசுப்பட்டவன் இல்ல. 1990-ல பழைய புத்தகக் கடையா ஆரம்பிச்ச புக்காஃப் கம்பெனி, தன் ஊர்ல விக்காம மிஞ்சினதையெல்லாம் 2016-ல சுபாங் பக்கம் கொண்டுவந்து 'ஜாலான் ஜாலான் ஜப்பான்'னு கடை விரிச்சுது. மலாய்ல ஜாலான் ஜாலான்னா சும்மா ஊர் சுத்துறது. பேரு வச்சவன் உன்னைப் பாத்துத்தான் வச்சிருக்கணும்.

பழசு போடுறது என்னமோ உங்க வயசுக்காரங்க கண்டுபிடிச்சதுன்னு நெனைக்காதே. கிள்ளான் ரோட்டுல மோட்டார் ஓட்டிக்கிட்டுப் போறவனைப் பாரு. ஜாக்கெட்டை முன்னாடி பின்னாடியா மாத்திப் போட்டிருப்பான், நெஞ்சுல காத்து அடிக்காம இருக்க. அந்த ஜாக்கெட்டுல பாதி பண்டல் ஜாக்கெட்டுதான். முதுகுல இருக்க வேண்டிய கொரியாக்காரப் பள்ளிக்கூடத்துப் பேரு அவன் நெஞ்சுல இருக்கும். அவன் அதை விண்டேஜ்னு சொல்லிக்கிறதில்ல. மழை வந்தா நனையாம இருக்கான், அவ்வளவுதான்.

நீ அன்னைக்கு ஒரு சேதி சொன்னியே, அதை நெனச்சு ராத்திரி தூக்கம் வரல. அமெரிக்காவுல 1880-கள்ல தைச்ச லீவைஸ் கால்சட்டை ஒண்ணைக் கைவிட்ட சுரங்கத்துல கண்டெடுத்து, 2022-ல 76,000 டாலருக்கு ஏலத்துல எடுத்தாங்கன்னு. மெழுகுவத்தி சொட்டின கறை கூட அதுல அப்படியே இருந்துச்சுன்னியே. பாப்பா, மெழுகுக்கே அந்த விலைன்னா எங்கப்பன் ரப்பர் மரம் வெட்டப் போட்ட சட்டைக்கு எவ்வளவு வந்திருக்கும்? பால் சொட்டிச் சொட்டிக் காய்ஞ்சு, கழட்டி மூலையில வச்சா தானா நிக்கும் அந்தச் சட்டை. துரை போட்டுக் கழிச்ச சட்டை வேற, ரெட்டை விண்டேஜ். எங்கம்மா அதைக் கிழிச்சு அடுப்புச் சட்டி இறக்கக் கரித்துணி ஆக்கிட்டா. ஒரு பங்களாவே அடுப்புல எரிஞ்சு போச்சு!

அதே லீவைஸ்ல சிவப்பு நாடாவுல 'ஈ' பெருசா இருந்தா 1971-க்கு முந்தினதுன்னும் சொன்னே. நாங்க பழசுல ஈ மொய்க்கிறதைத்தான் பாத்திருக்கோம். ஆனா அந்தக் கம்பெனிக்காரனே பழைய மாதிரி புதுசாத் தைச்சு, அதுலயும் பெரிய ஈ போட்டு விக்கிறானாமே. அப்போ எழுத்தை நம்பாதே, துணியைப் பாரு. மாடு வாங்குறவன் பல்லைப் பிடிச்சுப் பாக்குற மாதிரி, சட்டை வாங்குறவ அக்குளைத் திருப்பிப் பாக்கணும். அங்கே மஞ்சள் ஏறி மொடமொடன்னு இருந்தா நீ எவ்வளவு துவைச்சாலும் போகாது. வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடி, பூச்சி அரிச்ச ஓட்டை நட்சத்திரம் மாதிரி தெரியும். ஜிப்பை மூணு தடவை ஏத்தி இறக்கு. வீட்டுக்குள்ள கொண்டு வந்ததும் கட்டில்ல போடாதே. பருத்தியா இருந்தா வெந்நீர்ல ஊற வச்சு, ரெண்டு நாள் நல்ல வெயில்ல காயப் போடு. கம்பளின்னா வெந்நீர் காட்டிடாதே, உனக்கு வாங்கினது பூனைக்குத்தான் ஆகும்.

இவ்வளவும் உனக்குத் தெரியும், கிழவன் சொல்றானேன்னு தலையாட்டுறே. தெரியாதது ஒண்ணு இருக்கு. அஞ்சு வெள்ளிதானே, எட்டு வெள்ளிதானேன்னு அம்கார்ப் மால்ல ஒரு ஞாயிறு, பெட்டாலிங் ஸ்திரீட் பக்கம் பாசார் காராட்ல ஒரு விடியக்காலைன்னு நீ அள்ளிக்கிட்டு வந்ததுல உன் அலமாரி கதவு சாத்தமாட்டேங்குது. நேத்து எண்ணிப் பாத்தேன், டெனிம் ஜாக்கெட் மட்டும் ஒம்பது. கோலாலம்பூர் வெயில்ல! எங்க வீட்டுல நான் அஞ்சாவது பிள்ளை. அண்ணன்மார் நாலு பேரும் போட்டு முடிச்சு என்கிட்ட வர்றப்போ சட்டையில பித்தான் ஒண்ணுதான் மிஞ்சும். அதையும் நான் போட்டுத் தேச்சு, அது தங்கச்சி பிள்ளைக்கு ஏணைக்குள்ள விரிப்பாச்சு. நீ வாங்குற துணி பழசுதான், வாங்குற பழக்கம் மட்டும் பேரங்காடிப் பழக்கம். ஒம்பது ஜாக்கெட்டுல எட்டை அந்த மோட்டார்க்காரனுக்குக் கொடு, மாத்திப் போட்டுக்கட்டும்.

அப்புறம் உங்க பாட்டியோட அரக்குப் பட்டு. அதை வெட்டி ஜாக்கெட் தைக்கப் போறியாமே, பிரிக்பீல்ட்ஸ் தையல்காரர்கிட்ட விலை கூடக் கேட்டுட்டு வந்தியாம். வெட்டுறதுக்கு முந்தி முந்தானை ஓரத்துல பிரிஞ்ச ஜரிகை இழை ஒண்ணை நகத்தால சுரண்டிப் பாரு. உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிஞ்சா அசல் வெள்ளி ஜரிகை. ஊர்ல அதை உருக்கி வெள்ளி எடுக்கவே பழைய பட்டு வாங்குறவங்க உண்டு. வருஷக்கணக்கா ஒரே மடிப்புல கிடந்தா பட்டு மடிப்பு வழியா விட்டுப் போகும். பாட்டி போனதுக்கப்புறம் மூணு மாசத்துக்கு ஒரு தடவை அதை எடுத்து மடிப்பு மாத்தி வைக்கிறது யாருன்னு நெனச்சே? உங்கம்மாவா? ஒரு நாளைக்கு அதை முழுசாக் கட்டிக்கிட்டு துன் சம்பந்தன் ரோட்டுல வாழை இலைச் சாப்பாட்டுக்கு என்னைக் கூட்டிட்டுப் போ. அதுக்கப்புறமும் வெட்டணும்னு தோணினா வெட்டு.

என்ன, என் சட்டைக் காலரையே பாக்குறே? சரி, பிடிபட்டுட்டேன். ஆமா, இதுவும் பண்டல்தான், பாசார் காராட்ல ஆறு வெள்ளி. உள்பக்கம் ஜப்பான் எழுத்து இருந்துச்சு, உங்கம்மா கண்ணுல படாம நானே பிளேடால பிரிச்சு எடுத்தேன். முதல் தடவை போட்டப்போ கொஞ்ச நேரம் மேல் பித்தானைப் போடாமலே நின்னேன். எங்கம்மா பாத்திருந்தா என்ன சொல்லியிருப்பான்னு. பையில கையை விட்டேன், நடுவுல ஓட்டை போட்ட மஞ்சக் காசு ஒண்ணு. ஜப்பான் அஞ்சு யென். நீதான் பாத்துச் சொன்னே, அவங்க கோயில்ல அதைத்தான் காணிக்கை போடுவாங்க, 'கோ-என்'னா சம்பந்தம்னு அர்த்தம்னு. உண்டியல்ல போடுங்க தாத்தான்னே. நான் போடல. ஓட்டை இருக்கிற காசை வீணாக்கலாமா? அரைஞாண் கயித்துல கோத்துட்டேன், எங்கப்பனுக்குத் தழும்பு இருந்த அதே இடத்துல.

சரி, வெயில் ஏறுது, நீ போயிட்டு வா. நான் இங்கேயே உக்காந்து தே தாரே குடிக்கிறேன். அட, நில்லு. எங்கே ஏறப் போறே? உன் ஜீன்ஸ் முழங்காலுக்கு மேல ரெண்டு பக்கமும் ஜன்னல் திறந்திருக்கு, கைலிக்கார அக்கா அப்போலேர்ந்து உன்னைத்தான் பாத்துக்கிட்டிருக்கா. போ, போயி வாங்கிக் கட்டிக்கோ. அந்த வெள்ளைக்காரப் பொண்ணு இறங்கிட்டா பாரு, ஊதாக் கைலி இப்போதான் காலியாச்சு.