வானத்தில் ஒரு டமார்!

கே: 2020-ல் ஒரு வெடிச் சத்தத்துக்கு பெங்களூருவே பதறியதே, ஏன்?

ப: கொரோனா ஊரடங்குக் காலம். 'இன்னும் என்ன பாக்கி?' என்று எல்லோரும் நொந்திருந்தபோது, மே 20 மதியம் 'டமார்'! ஜன்னல்கள் அதிர்ந்தன. சிலர் நிலநடுக்கம் என்றார்கள். சிலர் வேற்றுக்கிரகவாசிகளை வரவேற்கவே தயாரானார்கள். நிலநடுக்கமில்லை என்றது கர்நாடகப் பேரிடர் கண்காணிப்பு மையம். கடைசியில் விமானப்படையின் சோதனை விமானம் என்று தெரிந்தது. ஒலியை மிஞ்சிப் பறந்துவிட்டு, 36,000 முதல் 40,000 அடி உயரத்தில் வேகம் குறைத்தபோது எழுந்த சத்தமாக இருக்கலாம் என்றார்கள். 65 கி.மீ. தள்ளிப் பறந்தாலும் காதில் விழுமாம். விமானம் பறந்தது ஊருக்கு வெளியே. சத்தம் மட்டும் ஊருக்குள்! ஒலியை முந்தும் விமானம் நம்மிடம் இருக்கிறது. வதந்தியை முந்தும் அறிவிப்புதான் இல்லை.