காற்று வந்தால் சுருட்டு

அமெரிக்காவில் காருக்குப் பின்னால் வீட்டையே இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள் ஏராளம். அந்த டிரெய்லர் சுவரிலிருந்து வெளியே விரியும் நிழல்துணிதான் ஆனிங். ஓர் உருளை, இரண்டு கைகள், நடுவே வினைல் துணி, அவ்வளவுதான் சமாசாரம். ஆனால் அதைக் காற்றிடமிருந்து காப்பாற்ற விற்கிற பட்டை, கொக்கி, கவ்வி, முளை, சென்சார் எல்லாவற்றையும் அடுக்கினால் பாய்மரக் கப்பலுக்குச் சாமான் வாங்குவதுபோல இருக்கும். என் கட்சி இதுதான்: காற்று வந்தால் சுருட்டிவிட வேண்டும். மற்றதெல்லாம் நாற்காலியை விட்டு எழ மனமில்லாதவர்கள் காசு கொடுத்து வாங்கும் சாக்கு.

கணக்குப் பார்க்கலாம். 16 அடி நீளம், 8 அடி அகலம் என்றால் ஏறக்குறைய 12 சதுர மீட்டர் துணி. மணிக்கு 32 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 5 கிலோ கனத்தோடு அழுத்தும். ஆக, மொத்தத் துணிக்கு 60 கிலோ. போஃபோர்ட் அளவுகோலில் இது வெறும் 5ஆம் நிலை, சின்ன மரங்கள் ஆடத் தொடங்கும் காற்று. ‘ஆகா, என்ன சுகம்’ என்று கண்ணை மூடுவோமே, அந்தக் காற்றுதான். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகி 240 கிலோவைத் தொடும். போதாக்குறைக்கு, துணிக்கு அடியில் புகுந்த காற்று டிரெய்லர் சுவரில் முட்டி, போக்கிடம் இல்லாமல் மேல்நோக்கித் தூக்குகிறது. அப்புறம் துணி, உருளை, கைகள் எல்லாம் கூரையைத் தாண்டி மறுபக்கம் போய் விழ வேண்டியதுதான்.

‘தரையில் இழுத்துக் கட்டிவிட்டால்?’ என்பார்கள். இளங்காற்றில் துணி படபடக்காமலிருக்கப் பட்டை உதவும், மறுக்கவில்லை. பலத்த காற்றில் அது செய்வது ஒன்றுதான்: எது முதலில் போக வேண்டும் என்று முடிவு செய்கிறது. அரிசோனாவின் குவார்ட்ஸைட் பாலைவனத்தில் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான வண்டிகள் வந்து தங்கும். அந்தச் சரளை மண்ணில் அடித்த முளை பிடுங்கிக்கொள்ளலாம். முளை நின்றுவிட்டால் துணி கிழியும். துணியும் தாங்கிவிட்டால் கைகளைப் பிடித்திருக்கும் திருகுகள் மெல்லிய சுவரையும் பிய்த்துக்கொண்டு வரும். இவற்றில் முளைதான் மலிவு. எல்லாவற்றுக்கும் மேலாக, நான்கு முடிச்சுப் போட்டுக் கட்டிய துணியை அவசரத்தில் சுருட்டவும் முடியாது.

‘சென்சார் தானே சுருட்டிவிடுமே!’ பல சென்சார்கள் காற்றை அளப்பதில்லை, துணி குலுங்குவதைத்தான் உணர்கின்றன. அதாவது, முதல் அடி விழுந்த பிறகுதான் விழிக்கின்றன. இடிமேகத்திலிருந்து இறங்கி, மழைக்கு முன்னால் ஓடிவரும் குளிர்க்காற்று அடுத்த அடிக்கு முன் சுருட்ட அவகாசம் தருமா என்பது சந்தேகம். பட்டையும் கட்டி சென்சாரையும் நம்புகிறவர் நிலைமை இன்னும் வேடிக்கை: மோட்டார் உள்ளே இழுக்கும், பட்டை வெளியே இழுக்கும்.

‘ஓயாமல் சுருட்டி வைக்கவா இத்தனை காசு கொடுத்தோம்?’ என்ற கேள்வி நியாயமானது. வெயிலுக்காக வாங்கியதை வெயிலில் விரியுங்கள், யார் வேண்டாம் என்றது? ராத்திரியில் விரித்துவைத்து யாருக்கு நிழல் தருகிறீர்கள்? பூட்டிவிட்டுக் கடைக்குப் போகும்போது யார் அதன் கீழே உட்காரப்போகிறார்கள்? மின்சார ஆனிங் என்றால் பொத்தான் டிரெய்லருக்கு உள்ளேயே இருக்கிறது. படுக்கப் போகும்முன் அதை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போங்கள்.