திறைசேரிக்கு ஒரு சிக்கன மனு

பெறுநர்: திறைசேரி, நிதி அமைச்சு, கொழும்பு 01.

விடயம்: தேசியக் கடனைக் குறைக்க எங்கே வெட்டலாம் என்பது தொடர்பாக.

பெருமதிப்புக்குரிய திறைசேரி அவர்களே,

வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட முடியாது என்று 2022 ஏப்ரல் 12ஆம் திகதி தாங்கள் அறிவித்த நாள்தொட்டு, சிக்கனம் என்ற சொல்லைச் சோற்றோடு பிசைந்து விழுங்கி வருகிறோம். மறு வருடம் மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் பதினேழாவது தடவையாகக் கைகொடுத்தது. பதினாறு தடவை வந்து தங்கிப்போன விருந்தாளிக்கு எந்த அலுமாரியில் என்ன இருக்கிறதென்று தெரிந்திருக்கும். வீட்டுக்காரராகிய தங்களுக்கு அது மறந்துபோயிருக்குமோ என்ற கவலையில்தான் இந்த மனு.

முதலில் பாராட்டு. வெட்டுவதில் தங்கள் கை தேர்ந்த கை. 2022 மார்ச்சில் கடதாசி வாங்க டொலர் இல்லையென்று மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையை நிறுத்தினீர்கள். பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். அந்த ஆண்டில் அரசாங்கத்தின் ஒரு முடிவைப் பிரசைகள் மனதார வரவேற்றது அந்த ஒரு தடவையாகத்தான் இருக்கும்.

அடுத்து தேர்தலையே வெட்டினீர்கள். 2023 மார்ச் 9இல் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தலுக்குக் காசில்லை என்றீர்கள். காசு தராமல் வாக்குச்சீட்டு அச்சடிக்க ஏலாது என்று அரசாங்க அச்சகமும் கையை விரித்தது. அதற்கு ஒரு மாதம் முன்னர்தான், பெப்ரவரி 4ஆம் திகதி, காலிமுகத்திடலில் 75ஆவது சுதந்திர தினம் அணிவகுப்போடு நடந்து முடிந்திருந்தது. அதற்கு ஒதுக்கிய தொகை சுமார் 20 கோடி ரூபா. சுதந்திரத்தைக் கொண்டாடக் காசிருந்தது, பாவிக்கத்தான் காசில்லை. ஒதுக்கிய பணத்தை மறிக்கவேண்டாம் என்று உயர் நீதிமன்றம் இடைக்காலக் கட்டளை போட்ட பிறகும், வாக்குச்சீட்டு எங்கள் கைக்கு வந்தது 2025 மே 6ஆம் திகதிதான்.

ஆனால் தங்கள் கைவண்ணத்தின் உச்சம் ஊழியர் சேமலாப நிதி. 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது, தொட்டால் வங்கிகள் விழுந்துவிடும் என்று அவற்றின் திறைசேரிப் பிணைமுறிகளைத் தொடாமல் விட்டீர்கள். ஓய்வுகால நிதிகளிடம் மட்டும் கண்டிப்பு: கையிலிருக்கும் பிணைமுறியைத் தந்துவிட்டுக் குறைந்த வட்டிப் பிணைமுறியை வாங்கிக்கொள், மாட்டேன் என்றால் 14 வீத வரி 30 வீதமாகும். நுவரெலியாவில் கொழுந்து பறிக்கும் அக்காவின் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கிற 8 வீதமும் அந்த நிதிக்குள்தான் கிடக்கிறது. மத்தளையில் விமான நிலையம் கட்டலாமா என்று அவரிடம் ஒருவரும் யோசனை கேட்டதில்லை. அதற்கெல்லாம் வாங்கிய கடன்களின் சுமையைப் பங்குபோடும்போது மட்டும் அவரை முன்வரிசைக்கு அழைத்தீர்கள்.

மத்தளை பற்றியும் கொஞ்சம் பேசவேண்டும். 20 கோடி டொலருக்கு மேல் செலவழித்து, பெரும்பகுதியைச் சீனாவிடம் கடனாக வாங்கி, 2013 மார்ச்சில் திறந்த சர்வதேச விமான நிலையம் அது. விமானங்கள் வரத் தயங்கின. காலியாகக் கிடந்த களஞ்சியத்தில் நெல்மூட்டைகள் வந்து இறங்கின. மானும் எருமையும் தயங்கவில்லை. ஓடுபாதைப் பக்கம் உலாவிய அவற்றை விரட்ட 2016இல் படையினரும் பொலிஸாரும் வெடி கொளுத்திக்கொண்டு காட்டுக்குள் இறங்கினார்கள். யுத்தம் முடிந்தும் இவ்வளவு பெரிய படை எதற்கு என்று கேட்கும் நன்றிகெட்டவர்கள் இந்தக் காட்சியைப் பார்க்கவேண்டும்.

கொழும்பில் 350 மீற்றர் தாமரைக் கோபுரமும் உண்டு. 2019இல் திறப்பு விழா வைத்தீர்கள். பொதுமக்கள் ரிக்கற் எடுத்து ஏறியது நாடு வங்குரோத்தான 2022இல். பெற்றோலுக்குக் கியூஆர் கோட்டோடு நிற்கும் வரிசைகள் அங்கிருந்து பார்க்க அழகாகத்தான் இருந்திருக்கும்.

ஸ்ரீலங்கன் எயர்லைன்ஸின் கதை தங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 2007 டிசம்பரில் லண்டனிலிருந்து வரும் விமானத்தில் காசு கொடுத்த பயணிகளை இறக்கிவிட்டு, அன்றைய ஜனாதிபதியின் பரிவாரத்தை ஏற்ற நிர்வாகம் மறுத்தது. தலைமை நிர்வாகியின் வேலை விசா பறிபோனது. அதுவரை நிறுவனத்தை நடத்திய எமிரேட்ஸ் 2008இல் நிர்வாகப் பொறுப்பைக் கைவிட்டது. அதன்பிறகு நட்டம் அந்த விமானங்களின் ஏறத்தாழ நிரந்தரப் பயணி. 2025 பாதீட்டிலும் அதன் பழைய கடனுக்கென்று 20 பில்லியன் ரூபா எடுத்துவைக்கவேண்டி வந்தது. விமானத்தில் ஒருநாளும் ஏறாதவர்களும் அதற்கு ரிக்கற் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இனிப் பெரிய அலுமாரியைத் திறப்போம். யுத்தம் 2009 மே மாதம் முடிந்தது. 2025 பாதீட்டில் பாதுகாப்பு அமைச்சுக்கு 440 பில்லியன் ரூபாவுக்கு மேல். அதிலும் பெரும்பகுதி சம்பளமும் சாப்பாடுமாகிய மீண்டெழும் செலவு. இரண்டு இலட்சம் பேர் கொண்ட இராணுவத்தை 2030இல் ஒரு இலட்சமாக்குவோம் என்று 2023 ஜனவரியில் சொன்னதும் தாங்கள் சார்ந்த அரசாங்கம்தான். சொன்னதைச் செய்யுங்கள் என்பதற்கு மேல் நான் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. வடக்கிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இந்தச் செலவின் முகம் நன்றாகத் தெரியும். ஏ9 வீதியோரம் படையினர் தேநீர் விற்றார்கள், காங்கேசன்துறையில் உல்லாச விடுதி நடத்தினார்கள், வன்னியில் தோட்டம் செய்தார்கள். சிவில் பாதுகாப்புத் திணைக்களம் முன்பள்ளியும் நடத்தியது. தேநீர்க்கடையைத் தேநீர்க்கடைக்காரரிடமும், முன்பள்ளியைக் கல்விக்குப் பொறுப்பானவர்களிடமும் விட்டால் இரண்டு பக்கமும் மிச்சம். சீருடைக்குள் இருப்பவர்களும் ஏழைக் கிராமத்துப் பிள்ளைகள்தான். அவர்களை நடுத்தெருவில் விடச் சொல்லவில்லை. ஓய்வு பெறுகிறவரின் இடத்தை நிரப்பாமல் விடுங்கள், போகிறவருக்கு ஒரு தொழில் பழக்கி அனுப்புங்கள்.

தாங்கள் செலவு என்று எழுதாத செலவும் ஒன்றுண்டு. 2019 டிசம்பரில் வற் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாக்கினீர்கள். 2020 ஒக்டோபரில் சீனி கிலோவுக்கு 50 ரூபாவாக இருந்த இறக்குமதி வரியை 25 சதமாக்கினீர்கள். சதக்குற்றியைக் கடையில் வாங்காத காலத்தில் அதற்கு மதிப்புக் கொடுத்த ஒரே இடம் தங்கள் வர்த்தமானிதான். சீனி விலை மட்டும் சொன்னபடி இறங்கவில்லை. வராமல் விட்ட வரியும் கடனாகத்தான் திரும்பி வந்தது. அதைக் கட்ட 2024 ஜனவரியிலிருந்து 18 வீத வற் வரியை எங்கள் தலையில் கட்டினீர்கள்.

இப்போது சிக்கனம் செய்கிறோமே என்பீர்கள். உண்மைதான். பாராளுமன்ற உறுப்பினர்களின் நாள் சாப்பாட்டு விலை 2,000 ரூபாவாயிற்று. 2025 செப்ரெம்பரில் முன்னாள் ஜனாதிபதிகளின் சலுகைகளை நீக்கச் சட்டம் வந்தது. முன்னாள் ஜனாதிபதி ஒருவர் இருந்த விஜேராம மாவத்தை வீடும் காலியானது. நல்ல காரியங்கள், கைதட்டினோம். ஆனால் கணக்கு கைதட்டாது. 2023இல் அரசாங்கத்துக்கு வந்த ஒவ்வொரு 100 ரூபாவிலும் ஏறத்தாழ 80 ரூபா வட்டிக்கே போனது. சாப்பாட்டின் விலையை ஏற்றி அந்த வட்டியை அடைக்க நினைத்தால், உறுப்பினர்கள் இன்னும் பல ஆயிரம் ஆண்டுகள் விடாமல் சாப்பிடவேண்டியிருக்கும்.

ஆகவே தாழ்மையோடு கேட்பது இவ்வளவுதான். அடுத்த பாதீட்டுக்குக் கத்தரிக்கோலை எடுக்கும்போது பாதுகாப்புச் செலவில் தொடங்குங்கள். அதன்பின் நட்டத்தில் பறக்கும் விமானங்கள், யாருக்கென்று சொல்லாத வரிச் சலுகைகள். புதிதாகக் கோபுரமோ ஓடுபாதையோ கட்ட ஆசை வந்தால், எத்தனை பேர் பாவிப்பார்கள், எந்த வருமானத்தில் கடன் அடையும் என்ற கணக்கைக் கையெழுத்து வைப்பதற்கு முன்பே பத்திரிகையில் போடுங்கள். ஆஸ்பத்திரி மருந்தும், பள்ளிக்கூடமும், தொழிலாளியின் சேமலாபமும் பட்டியலின் கடைசியில் நிற்கட்டும். கடன் வாங்கச் சொன்னவர்களின் பக்கம் ஒருநாளாவது வெட்டிப் பாருங்கள்; மிச்சம் எவ்வளவு என்று தாங்களே அதிசயிப்பீர்கள்.

இங்ஙனம்,
சவர்க்காரத்துக்கும் வற் வரி கட்டும் ஒரு பிரசை